ஹோபர்ட் ஸ்டிடமைச் சுமந்தவர்கள்

எதிர்த்தரப்பு வக்கீல் அனுப்பிய வீடியோப் படத்தை ஒரு தடவைதான் பார்த்தேன். மறுபடியும் போட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. எழுந்து போய் ஜன்னலோரம் நின்றேன். கீழே கோர்ட் வாசலில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மார்ச் மாதம் எங்கள் கென்டக்கி மலைப்பக்கம் பெய்கிற மழைக்கு மானம் ரோஷம் கிடையாது. ஆரம்பித்தால் ஓயாது.

படத்தில் ஒரு செங்குத்தான மேடு. செம்மண் சேறு. இலை துளிர்க்காத மரங்களுக்கு நடுவே ஆறு பேர் ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். தலைமாட்டில், இடது பக்கம், ஒருக்களித்துச் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறானே, அவன்தான் டெல்மர் ஸ்டிடம். என் கட்சிக்காரன். ஒரு பால் கேனைக்கூட இவனால் தூக்க முடியாது என்று நான் டாக்டரை வைத்துச் சத்தியம் பண்ணிச் சொல்லவைத்த டெல்மர்.

மரம் அறுக்கிற மில்லில் வேலை பார்த்தவன். வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது, ஓடைப் பாதை பெரிய ரோட்டில் சேருகிற முனையில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தவன் மேல் ஒரு நிலக்கரி லாரி வந்து மோதியது. அளவுக்கு மேல் பாரம் ஏற்றி, பிரேக் புகைய மலையிறங்கி வந்த லாரி. டெல்மருக்கு முதுகுத்தண்டு நசுங்கியது. ஆபரேஷன் பண்ண வேண்டும், பண்ணாவிட்டால் மரத்துக்கொண்டே வருகிற இடது கால் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பண்ணக் கையில் ஒன்றும் இல்லை. லாரிக்காரனின் இன்சூரன்ஸ் கம்பெனி, அவன் நடிக்கிறான் என்றது. கேஸ் போட்டோம். ஜெயித்தால் எனக்கு மூன்றில் ஒரு பங்கு, தோற்றால் நான் போட்டதும் சேர்ந்து போச்சு. எங்கள் தொழில் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு என்னை உலுக்கியது அது இல்லை. அந்தக் கால்தான்.

டெல்மரின் அப்பாவை அடக்கம் பண்ணின அன்றைக்கு, ஓடைக்கு அந்தப் பக்கம் காரில் உட்கார்ந்துகொண்டு படம் பிடித்திருக்கிறான், இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய ஆள். அவனையும் அவன் வம்சத்தையும் வாய் வலிக்கத் திட்டினேன். திட்டி என்ன செய்ய? திங்கட்கிழமை கேஸ் விசாரணை. கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஸ்டிடம் வீடு ஓடையின் கடைசியில் இருக்கிறது. அதற்கப்புறம் பாதை இல்லை, மேடுதான். எங்கள் பக்கம் செத்தவர்களை மேட்டில்தான் புதைப்போம். இருக்கிற கொஞ்சம் சமதரை சோளத்துக்கும் வீட்டுக்குமே காணாது. வண்டி ஏறாத மேடு என்பதால் தூக்கித்தான் போக வேண்டும். தலைமாட்டில் மூத்த மகன். கூலிக்கு ஆள் பிடிப்பதோ டிராக்டரில் கட்டி இழுப்பதோ கேவலம்.

நான் போனபோது அடுப்பில் காலையிலிருந்து பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. உப்புக்கண்டம் போட்டு வேகவைக்கிற வாசனை வாசல்வரை வந்தது. டெல்மரின் மனைவி ட்வைலா இரும்புச் சட்டியில் சோளமாவை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவனுடைய அம்மா ஓமா மேஜையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். ஓமா அத்தை என்றுதான் ஓடையோரத்து வீடுகள் முழுக்கக் கூப்பிடுவோம். புருஷன் ஹோபர்ட் போய் இன்னும் கறுப்புச் சட்டையை மாற்றவில்லை. டெல்மர் உட்கார முடியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"வா புள்ள நீவா, சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்றாள் ஓமா அத்தை. நீவா என் பெயர். "உன் முகம் என்ன இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"சாப்பாடு இருக்கட்டும் அத்தை." டெல்மர் பக்கம் திரும்பினேன். "உங்கப்பா அடக்கத்தை ஒருத்தன் படம் புடிச்சிருக்கான். நீ பெட்டியைத் தூக்கிட்டுப் போறது நல்லாத் தெரியுது. அதைக் கோர்ட்ல போடப் போறாங்க."

ட்வைலாவின் கை சட்டி மேலேயே நின்றுவிட்டது. டெல்மர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தான்.

"தூக்கினேன். அதுக்கு என்ன இப்ப?"

"என்னவா? டாக்டர் என்ன சொல்லியிருக்காரு, உனக்குத் தெரியாதா? உன்னால பால் கேன் தூக்க முடியாதுன்னு சொல்லியிருக்காரு. நீ தூக்கினேன்னா அவரு பொய்யரு. அவரு பொய்யருன்னா கேஸே இல்ல."

"அது எங்கப்பன், வக்கீலம்மா. பால் கேன் இல்ல."

"அதைத்தான் சொல்றேன், ஒரு வேகத்துல தூக்கிட்டியா? அப்புறம் படுத்துக் கிடந்தியா? ஏதாவது சொல்லுப்பா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"தூக்கினேன். அவ்வளவுதான்."

ஓமா அத்தை சீவின கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "அவங்கப்பன் படுக்கையில கெடந்தப்ப வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தான், 'எம்புள்ளைங்க என்னைத் தூக்கிட்டுப் போவாங்க, மூத்தவன் தலைமாட்டுல வருவான்'னு. முதுகு சரியில்லாதவன்கிட்ட இப்படிச் சொல்லலாமான்னு நான் சண்டைகூடப் போட்டேன். ஆனா தூக்கினானே! அது ஒண்ணுதான் புள்ள எனக்கு ஆறுதல். மத்ததெல்லாம் போச்சு."

பீன்ஸையும் சோள ரொட்டியையும் தொண்டைக்குள் தள்ளிவிட்டு எழுந்தேன். டெல்மர் நின்றுகொண்டே சாப்பிட்டான். தட்டை வைக்கக் குனிந்தபோது அவன் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கார்வரைக்கும் ட்வைலா குடை பிடித்துக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவரு தூக்கலக்கா."

"என்ன சொல்றே?"

"சத்தியமா தூக்கல. அவரு தம்பி லோனியும் சித்தப்பா பசங்களும் முன்னாடியே பேசி வச்சுக்கிட்டாங்க. இவரு கைப்பிடியில கையை மட்டும் வச்சுக்கணும், பாரம் முழுக்க மத்தவங்க வாங்கிக்கணும்னு. லோனி ரெண்டாள் பாரம் தூக்கினான். இவருக்கு அந்த மேடு ஏறவே முடியாதுக்கா. கைப்பிடியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டுத்தான் ஏறினாரு. பெட்டி இல்லாட்டி நடு வழியிலயே உக்காந்திருப்பாரு."

எனக்கு உயிர் வந்தது. "இதைச் சொல்றதுக்கு என்னடி கேடு உங்களுக்கு? இதை உள்ளயே சொல்லியிருக்கலாமே!"

"அத்தை முன்னாடியா? நீங்களும் இந்த ஊர்க்காரிதானே அக்கா. அவரு செத்தாலும் சொல்லமாட்டாரு."

நேரே மில்லுக்குப் போனேன். டெல்மரின் தம்பி லோனி ஈர மரத்தூளில் நின்று பலகை அடுக்கிக்கொண்டிருந்தான். ரம்பச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசினோம்.

"ஆமா, தூக்கல. நாந்தான் தூக்கினேன். இப்பவும் தோள்பட்டை வலிக்குது. எங்கப்பன் சாதாரண ஆளா? பன்னி மாதிரி கனம்" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "கோர்ட்ல வந்து சொல்றேன் வக்கீலம்மா. ஆனா எங்கம்மா உள்ள இருக்கக் கூடாது. அண்ணன் சரின்னு சொல்லணும். அவன் சரின்னு சொல்லமாட்டான்."

சொல்லவில்லைதான். மறுநாள் டெல்மரை ஆபீசுக்கு வரவைத்துக் கெஞ்சினேன். அப்புறம் மிரட்டினேன்.

"லோனியைக் கூண்டுல ஏத்தினீங்கன்னா நான் எழுந்து போயிடுவேன். உங்களையும் வேண்டாம்னு ஜட்ஜ்கிட்டயே சொல்லிடுவேன்."

"காலு போயிடும்டா."

"போகட்டும்."

"போகட்டுமா? ட்வைலா உன்னைத் தூக்கிச் சுமக்கணுமா?"

"எங்கம்மா அந்த மேட்டைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கா வக்கீலம்மா. காலையில எழுந்ததும் ஜன்னல் வழியா மேலே பாத்து, 'டெல்மர் உங்களைத் தூக்கிட்டுப் போனான்ல'ன்னு அப்பாகிட்டப் பேசறா. நான் பக்கத்து ரூம்ல படுத்துக்கிட்டுக் கேக்கறேன். ஊர் கூடியிருக்கற இடத்துல அவ மூஞ்சிக்கு நேரா, இல்லம்மா, உம்புள்ள சும்மா கை வச்சுக்கிட்டு நடிச்சான்னு சொல்லச் சொல்றீங்களா?"

"கூண்டுல ஏறிக் கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணிட்டு, தூக்கினேன்னு பொய் சொல்ல நான் விடமாட்டேன். அதையும் கேட்டுக்கோ."

"பொய் சொல்லல. ஒண்ணும் சொல்லல. போதுமா?"

பொய் சொல்லி ஜெயிக்கப் பார்க்கிற கட்சிக்காரர்கள் எனக்கு நிறையப் பழக்கம். வாயை மூடிக்கொண்டு தோற்கத் துடிக்கிறவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. கட்டிப்பிடித்து அழலாம் போலவும் இருந்தது.

ஓமா அத்தையையாவது வீட்டில் வைத்துக்கொள் என்று ட்வைலாவிடம் சொல்லி அனுப்பினேன். அத்தை கேட்பாளா? திங்கட்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போகிற உடுப்பில், தலைமுடியைக் கொண்டை போட்டு, முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். கைப்பையில் மகனுக்கு ஆப்பிள் பணியாரம் வேறு.

தீர்ப்பு சொல்ல ஜூரியில் உட்கார்ந்த பன்னிரண்டு பேரும் எங்கள் மலைக்காரர்கள். வேறு ஊராக இருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். இங்கே அதுதான் பயம். அந்த மாதிரி மேட்டில் பெட்டி தூக்கி ஏறுவது என்றால் என்னவென்று ஒவ்வொருத்தர் தோளும் அறியும். படத்தைப் பார்த்ததும் அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் பிரெஸ்காட் லெக்சிங்டனிலிருந்து வந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். டெல்மர் கூண்டில் நின்றான். உட்காரச் சொன்னார்கள், முடியாது என்றான். படம் ஓடியது. ஜூரியில் முன்வரிசையில் இருந்த ஒரு சுரங்கத்துக் கிழவர் படத்தைப் பார்த்துவிட்டு டெல்மரைப் பார்த்தார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்துவிட்டார்.

"அதுல இருக்கறது நீங்கதானே மிஸ்டர் ஸ்டிடம்?" என்றார் பிரெஸ்காட்.

"நான்தான்."

"தலைமாட்டுல, முன்னாடி?"

"ஆமா."

"பெட்டியைத் தூக்கிட்டு மேடு ஏறறீங்க."

டெல்மர் அம்மா பக்கம் பார்த்தான்.

"பதில் சொல்லுப்பா" என்றார் ஜட்ஜ்.

"என் கை அதுல இருக்கு. தெரியுதுல்ல."

"கனமா இருந்துச்சா?"

"அது எங்கப்பா" என்றான்.

பிரெஸ்காட் தலையை லேசாக ஆட்டி, அனுதாபத்தோடு, போய் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆள் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்கு ஏதாவது பிடி கிடைத்திருக்கும். கெட்டிக்காரன், கேட்கவில்லை. என் முறை வந்தது. எழுந்தேன். கேட்க வேண்டிய ஒரே கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. டெல்மர் என்னைப் பார்த்த பார்வையில் அதை விழுங்கிவிட்டு, கால் எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா என்று கேட்டு முடித்தேன். ஜூரியில் ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

இடைவேளையில் வராந்தாவுக்கு வந்தேன். காப்பி வாங்கி அதையும் கீழே கொட்டினேன். ஓமா அத்தை சுவரைப் பிடித்தபடி என்னிடம் வந்தாள்.

"நீவா, உண்மையைச் சொல்லு. தோத்துட்டமா?"

"தெரியல அத்தை."

"தெரியலைன்னா தோத்துட்டோம். அந்தப் படத்தாலதானே?"

"அதாலதான்."

"அவன் தூக்கலைன்னு இருந்தா?"

நான் அவள் முகத்தையே பார்த்தேன். வெறும் வயசான முகம். அதில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

"தூக்கலைன்னு யாராவது பாத்தவங்க வந்து சொன்னா, நிலைமை வேற" என்றேன்.

"என்னைக் கூப்பிடு."

"என்ன சொல்வீங்க?"

"நான்தானே பெட்டிக்குப் பின்னாடி நடந்தேன். கூப்பிடு. கேளு. சொல்றேன்."

என்ன பதில் வரும் என்று தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். டெல்மரிடம் ஓடினேன். அவன் சோர்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்திருந்தான்.

"அம்மாவா? அவளுக்கு என்ன தெரியும்? எம்புள்ள நல்லவன்னு நாலு வார்த்தை சொல்லிட்டு இறங்குவா. ஆசைப்பட்டா சொல்லிட்டுப் போகட்டும், விடுங்க."

பிரெஸ்காட் ஆட்சேபித்தார். படத்துக்குப் பதில் சொல்ல ஒரே ஒரு சாட்சி என்று ஜட்ஜ் விட்டார். ஓமா அத்தை வலது கையைத் தூக்கினாள். கடவுள் பேரைச் சொல்லும்போது குரல் கம்மியது. பழைய பாப்டிஸ்ட் சபைக்காரி. விளையாட்டுக்குக்கூடச் சத்தியம் பண்ண மாட்டாள்.

"உங்க வீட்டுக்காரரை அடக்கம் பண்ணின அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"பெட்டிக்குப் பின்னாடி. மேலவரைக்கும் நடந்தே ஏறினேன்."

"டெல்மர் என்ன பண்ணினாருன்னு சொல்லுங்க."

அவள் ஜூரியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"எம்புள்ள தூக்கல" என்றாள். "மத்த பசங்கதான் தூக்கினாங்க. சின்னவன் லோனி அண்ணன் பங்கையும் சேத்துத் தூக்கினான். இவன் சும்மா கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு வந்தான். அப்பனைத் தூக்கணும்னு அவனுக்கு ஆசை. ஆனா முதுகு போயிருச்சே, எங்க தூக்கறது? சொல்லப்போனா எங்க வீட்டுக்காரர்தான் அவனை இழுத்துக்கிட்டு மேல போனாரு."

அடிப்பாவி, எல்லாம் தெரிந்துகொண்டா இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தாள்! திரும்பிப் பார்த்தேன். டெல்மர் மேஜையில் நெற்றியை வைத்துக் கவிழ்ந்திருந்தான். முதுகு குலுங்கியது. ட்வைலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சுரங்கத்துக் கிழவர் கட்டிய கையை அவிழ்த்து, கைக்குட்டையைத் தேடினார். பிரெஸ்காட் பாதி எழுந்தவர் ஜூரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

ஜூரி உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. வராந்தாவில் நடந்து நடந்து எனக்குக் கால் வலி கண்டது. கடைசியில் வந்தார்கள். ஜெயித்தோம். ஆபரேஷனுக்கும் அதற்கு மேலும் காணும்படி கொடுத்திருந்தார்கள். ட்வைலா என்னைக் கட்டிக்கொண்டு விடவில்லை. டெல்மர் அப்படியே நின்றான்.

அவர்களைக் கையெழுத்துப் போடக் குமாஸ்தாவிடம் அனுப்பிவிட்டு வெளியே வந்தேன். வராந்தாக் கோடியில் பெஞ்சில் ஓமா அத்தை தனியாக உட்கார்ந்திருந்தாள். ஜெயித்த வீட்டு மனுஷி மாதிரி இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

"ஜெயிச்சுட்டோம் அத்தை. உங்களாலதான்."

"நீவா, நான் செஞ்சதுக்கு ஜெயில்ல போடுவாங்களா?"

"எதுக்கு?"

"பொய்ச் சத்தியத்துக்கு."

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"நான் எங்கடி பாத்தேன்?" என்றாள் மெதுவாக. "அந்தப் பெட்டியை நிமிந்து பாக்கற தெம்பு எனக்கு இருந்துச்சா? தலையைக் குனிஞ்சுக்கிட்டு, முன்னாடி போன ட்வைலா செருப்பையே பாத்துக்கிட்டு ஏறினேன். மேல போய்க் குழியைப் பாத்ததும்தான் நிமிந்தேன். எம்புள்ள தூக்கினான். அவங்கப்பன் கேட்டதைத் தட்டுவானா அவன்? அந்த முதுகை வச்சுக்கிட்டு, உயிரைக் கையில புடிச்சுக்கிட்டுத் தூக்கினான். அதை நான் இல்லைன்னு சொல்லிட்டேன். லோனி சேத்துத் தூக்கினான், அது இதுன்னு நானா கட்டிச் சொன்னேன். ஊர் சனம் முன்னாடி, கடவுள் பேரைச் சொல்லி, எம்புள்ள அப்பனைத் தூக்காத பயன்னு சொல்லிட்டேன்."

"அத்தை..."

"அந்தக் காலு போயிடக் கூடாதுன்னுதான் சொன்னேன். வேற வழி தெரியல எனக்கு. ஆனா நாளைக்கு மேல போய் ஹோபர்ட் மூஞ்சில எப்படி முழிப்பேன், சொல்லு?"

நீங்கள் பொய் சொல்லவில்லை அத்தை, அத்தனையும் நிஜம் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவள் பாவத்திலிருந்து விடுபட்டுவிடுவாள். அதே வாக்கியம் ஹோபர்ட்டின் தலைமாட்டிலிருந்து அவள் மகனை இறக்கிவிடும். வாயைத் திறந்தேன். எதைச் சொல்ல வந்தேன் என்று இன்றைக்கும் எனக்கே தெரியாது.

அதற்குள் டெல்மர் வந்துவிட்டான். காலை இழுத்து இழுத்து, சுவரைப் பிடித்து, வேகமாக நடக்கப் பார்த்து முடியாமல், கண் சிவந்து வந்தான். பெஞ்சுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தான். உட்காரும்போது வலியில் முகம் கோணியது.

"அம்மா, உனக்கு அன்னிக்கே தெரியுமாம்மா?"

ஓமா அத்தை அவனைக் குனிந்து பார்த்தாள்.

"நீ பாத்துட்டியா? பாத்துட்டும் ஒரு வார்த்தை சொல்லலியே. நான் உன் மூஞ்சியைப் பாக்க முடியாம செத்துக்கிட்டு இருந்தேம்மா. அப்பாவை நான் தூக்கல. முயற்சி பண்ணினேன்மா. முடியல. வெறுமனே கையை வச்சுக்கிட்டு வந்தேன்."

ஓமா அத்தை மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். இவன் சொல்றது நிஜமா என்று கேட்கிற பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவே அவளுக்குப் பதிலாகப் போயிற்று.

அப்புறம் என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள். மகனுடைய தலைமுடியை ஒதுக்கிவிட்டு, கன்னத்தைத் துடைத்தாள்.

"தெரியும்டா" என்றாள். "பின்னாடியேதானே வந்தேன். பாத்துக்கிட்டேதானே வந்தேன்."

சொல்லிவிட்டு எழுந்து, கையைக் கொடுத்து அவனையும் எழுப்பினாள். வாசல்வரைக்கும் என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.